காட்டோடையும் காலமழையும்: லபுகம நீரேந்து நிலம் பற்றிய ஒரு பாடம்

கொழும்பு மாநகரின் வடகீழ் எல்லையிலே, களனி கங்கைக்குத் தெற்கே, ஒருகொடவத்தை என்னும் ஊர் உளது. பண்டகசாலைகளும் பாரவண்டிகளும் நிறைந்த இவ்வூரிலிருந்துகொண்டு காட்டைப் பற்றி எழுதுதல் சிறிது வியப்பாகத் தோன்றலாம். ஆயினும், இங்கு வாழ்வோர் காட்டோடையின் இயல்பை அறியாது இருத்தல் இயலாது. பெருமழைக் காலத்திலே கங்கை கரைமுட்டி எழுந்தால், முதலில் உறக்கம் இழப்போர் ஒருகொடவத்தை, வெல்லம்பிட்டி, கொலன்னாவ ஆகிய தாழ்நிலத்து மக்களே. மழை பொய்த்த மாதங்களில் அதே கங்கை மெலிந்து கிடக்க, கடல்நீர் அடிப்பக்கமாக மேலேறி, நகரத்துக்குக் குடிநீர் எடுக்கும் அம்பத்தலை வரையும் உப்பைக் கொணர்கின்றது. மிகையும் குறையும் ஆகிய இவ்விரண்டையும் ஒரே ஊரவர் ஒரே ஆற்றினிடத்தே காண்கின்றனர். இவ்விரண்டுக்கும் மூலம் மலைச்சரிவிலுள்ள சிற்றோடைகளிலே உள்ளதாதலின், அங்கிருந்தே பாடத்தைத் தொடங்குவோம்.

கொழும்புக்கு ஏறத்தாழ 45 கிலோமீற்றர் கிழக்கே, களனியின் கிளையாகிய வாக் ஓயாவின் தலைப்பகுதியிலே, லபுகம நீர்த்தேக்கம் அமைந்துளது. 1886 ஆம் ஆண்டளவில் இதன் நீர் குழாய் வழியாகக் கொழும்பை அடைந்தது. இயந்திரத்தின் உதவியின்றி, நிலத்தின் சரிவே துணையாக, அந்நீர் மாளிகாகந்தைத் தொட்டிக்கு வந்து சேர்ந்தது. கிணற்று நீரையே நம்பியிருந்த கொட்டாஞ்சேனை, புறக்கோட்டைப் பகுதி மக்களுக்கு இஃது எத்தகைய மாற்றமாக இருந்திருக்கும் என்பதை இன்று குழாயைத் திருகும் நாம் எண்ணிப்பார்த்தல் அரிது. நகரம் பெருகவே, 1950களிலே அயலிலுள்ள களட்டுவாவவில் இரண்டாவது தேக்கம் எழுந்தது. இக்காலத்திற் கொழும்பின் குடிநீரிற் பெரும்பங்கு அம்பத்தலையிலிருந்தே வருகின்றது. எனினும், இவ்விரு தேக்கங்களும் இன்னும் தம் பணியைச் செய்துகொண்டேயிருக்கின்றன.

இத்தேக்கங்களைச் சூழ்ந்துள்ள காடு வெட்டப்படாது காக்கப்பட்டு வந்தது. நகரத்தார் பருகும் நீருக்கு மேலே குடியிருப்பும் பயிர்ச்செய்கையும் வேண்டா என்பதே காரணம். இதன் பயனாக, பல்லாயிரம் ஏக்கர் தேயிலைக்கும் இறப்பருக்கும் இரையான ஈரவலயத்திலே, ஹொர, நா முதலிய மரங்கள் ஓங்கிய தாழ்நில மழைக்காடு ஒன்று தலைநகரின் அண்மையிலே எஞ்சியது. நீருக்காகக் காட்டைக் காத்தார்கள். காட்டினால் உண்மையிலே நீர் பெருகியதா என்பது வேறு வினா. அவ்வினாவுக்கு விடை நம்மிற் பலர் எண்ணுவதுபோல் எளிதன்று.

முதலிற் சில கணக்குகளைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். நீரேந்து நிலம் என்பது, ஓர் ஓடையின் ஒரு குறித்த இடத்துக்கு நீர் வடிந்து வரும் நிலப்பரப்பு முழுவதும் ஆகும். அதிற் பெய்யும் மழை மூன்று வழிகளிற் பிரிகின்றது. ஒரு பகுதி மரங்களின் ஆவியுயிர்ப்பாலும், இலைகளிலிருந்தும் மண்ணிலிருந்தும் நேரே ஆவியாவதாலும் வானுக்கே மீள்கின்றது. ஒரு பகுதி மண்ணிலே தங்குகின்றது. எஞ்சியது ஓடையாக வெளியேறுகின்றது. மழை வரவு, ஆவி செலவு, மண் சேமிப்பு, ஓடுநீர் மிச்சம். வீட்டுக் கணக்கு எழுதத் தெரிந்த எவரும் இதனை விளங்கிக்கொள்வர். ஓர் ஏக்கர் நிலத்திலே ஓர் அங்குலம் மழை பெய்தால் அஃது ஏறத்தாழ 22,600 கலன் நீராகும் என்பதையும், ஒரு ஹெக்டேயரில் ஒரு மில்லிமீற்றர் என்றால் 10,000 லீற்றர் என்பதையும் மாணவர் மனத்திற் கொள்ளல் நன்று.

இக்கணக்கிலே மறைந்திருக்கும் ஓர் உண்மையைப் பலர் கவனிப்பதில்லை. வரவு பெரிதும் மாறும். செலவோ அத்துணை மாறுவதன்று. காட்டுமரம் தன் வேருக்கு நீர் எட்டும் வரையும் ஏறத்தாழ ஒரே வீதத்தில் உறிஞ்சிக்கொண்டே இருக்கும். வெப்பமண்டலத் தாழ்நிலக் காடுகள் பலவற்றில் அளந்தவர்கள், இச்செலவு ஆண்டொன்றுக்கு 1,400 மில்லிமீற்றரை ஒட்டியதாகக் கண்டுள்ளனர். ஆகவே ஆண்டுக்கு 4,000 மில்லிமீற்றர் மழை பெறும் ஒரு காட்டு நிலத்தை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். செலவு போக 2,600 மில்லிமீற்றர் ஓடுநீராகும். மழை நூற்றுக்குப் பத்துக் குறைந்து 3,600 ஆனால், ஓடுநீர் 2,200 ஆகும். அதாவது மழையிற் குறைந்தது நூற்றுக்கு 10; ஓடையிற் குறைந்தது நூற்றுக்கு 15. இனி, உலர்வலயத்திலே 1,500 மில்லிமீற்றர் மழையும் 1,200 மில்லிமீற்றர் செலவும் உள்ள வேறொரு காட்டை எண்ணுக. அங்கு ஓடுநீர் 300 மட்டுமே. மழை பத்திலொரு பங்கு குறைந்து 1,350 ஆகும்போது, மரங்கள் வாடிச் செலவையும் 1,170 ஆகக் குறைத்துக்கொண்டாலும், எஞ்சுவது 180 தான். மழையின் குறை நூற்றுக்கு 10 ஆக, குளத்துக்கு வரும் நீரின் குறை நூற்றுக்கு 40 ஆயிற்று! வன்னியிலே மழை சிறிது பிந்தினாலும் குளங்கள் வெறுமையாவதற்கும், லபுகம அத்துணை விரைவில் வெறுமையாகாமைக்கும் உரிய காரணங்களுள் இஃது ஒன்று.

ஆண்டு மொத்தத்தை மட்டும் கொண்டு பேசுதலும் போதாது. மழை எவ்வாறு பங்கிடப்பட்டுப் பெய்தது என்பதே ஓடைக்கு முக்கியம். இதனை விளக்க வகுப்பிலே நான் விரும்பிப் பயன்படுத்தும் ஒரு சிறு கணக்கு உண்டு. மண் நீரால் நிறைந்துள்ள ஒரு காட்டு நிலத்தில் நாளொன்றுக்கு ஆவிச்செலவு 4 மில்லிமீற்றர் என்க. முப்பது நாளும் நாளொன்றுக்குப் 10 மில்லிமீற்றராக 300 மில்லிமீற்றர் பெய்தால், செலவு 120 போக 180 மில்லிமீற்றர், நாளுக்கு ஆறு ஆறாக, ஓடையிலே ஒழுங்காக ஓடிவரும். தேக்கமும் அதனை அமைதியாக ஏற்றுக்கொள்ளும். அதே 300 மில்லிமீற்றரும் மாதத்தின் முதல் மூன்று நாளிலே கொட்டிவிட்டதென்று கொள்வோம். அம்மூன்று நாட் செலவு 12 மட்டுமே. 288 மில்லிமீற்றர் சேற்றோடும் மரக்கட்டையோடும் பாய்ந்து வந்து, அணையின் கலிங்கைத் தாண்டிக் கீழே ஓடிவிடும். பின்னர் வரும் இருபத்தேழு நாளும் மரங்கள் மண்ணின் சேமிப்பிலிருந்தே 108 மில்லிமீற்றரை எடுத்துக்கொள்ளும், ஓடை மெலிந்துபோம். அடுத்த மாத மழையில் முதல் 108 மில்லிமீற்றர் அக்கடனைத் தீர்ப்பதற்கே செல்லும். மழைமானியின் மாதக் கணக்கிலே இரண்டும் 300 தான். ஒருகொடவத்தையாருக்கோ ஒன்று நல்ல மாதம், மற்றொன்று வெள்ள மாதம்.

உண்மை நிலத்திலே மண்ணின் செயல் இத்துணை எளிமையானதன்று. ஆயினும் அடிப்படை இதுவே. நெடுநாள் வறட்சியின் பின் பங்குனியிலே பெய்யும் 100 மில்லிமீற்றர் மழையிற் பெரும்பகுதியை மண் விழுங்கிவிடும். ஓடை சற்றே தலைதூக்கிப் படுத்துக்கொள்ளும். ஆனி மாதத்திலே, தென்மேற்குப் பருவக்காற்று மூன்று வாரம் நனைத்த மண்ணிலே பெய்யும் அதே 100 மில்லிமீற்றர், ஏறக்குறைய முழுவதுமாக ஓடைக்கு வரும்.

இங்கு ஒரு பழைய தவறான எண்ணத்தையும் களைதல் வேண்டும். மழை பெய்யும்போது காட்டுச்சரிவு முழுவதும் நீர் மேற்பரப்பிலே வழிந்தோடும் என்று பாடநூல்கள் பல முன்னர்க் கூறின. அமெரிக்காவிலே வட கரோலினா மாநிலத்தில் 1934 இல் நிறுவப்பட்ட கோவீட்டா என்னும் ஆராய்ச்சி நிலையத்தில், சிறு காட்டு நீரேந்து நிலங்களைப் பல்லாண்டு அளந்தவர்கள் வேறொன்றைக் கண்டனர். சருகு மூடிய காட்டு மண் பெருமழையையும் உள்வாங்குகின்றது. நீர் மண்ணினூடே மெல்ல இறங்கி, ஓடைக்கரையை ஒட்டிய தாழ்பகுதிகளை முதலில் நிறைக்கின்றது. மழை நீடிக்க, நிறைந்த பகுதி அகன்று அகன்று சரிவின்மேல் ஏறுகின்றது. ஓடையே விரிவது போன்ற நிலை. வெள்ளத்தைத் தருவது அவ்விரிந்த பகுதியே. ஆகவே, காட்டின் வெள்ளந் தடுக்கும் ஆற்றலுக்கு ஓர் எல்லை உண்டு. சிறு மழையையும் நடுத்தர மழையையும் அது நன்கு அடக்கும். மண் முற்றாக நிறைந்தபின் வரும் பேய்மழையை அடக்க எந்தக் காட்டாலும் ஆகாது. இதனைச் சொல்வது காட்டுக்கு இழுக்கு அன்று. இயலாததை இயலும் என்று புகழ்ந்தால், வெள்ளம் வந்த மறுநாளே மக்கள் காட்டின்மீது நம்பிக்கை இழப்பர்.

களனியின் பெருவெள்ளங்களை நோக்குவோம். நாகலகம் தெருவிலுள்ள நீர்மட்ட அளவுகோல் இந்நகரத்தாருக்கு நன்கு அறிமுகமானது. 1947 ஓகஸ்டில் அது 12 அடியைக் கடந்தது. 1989 யூனில் 9 அடியைக் கடந்தது. 2016 மே மாதத்தில் 7 அடியைக் கடந்தது. 2025 நவம்பர் இறுதியிலே தித்வா சூறாவளியால் மீண்டும் பெருவெள்ளம் வந்தது. இவ்வெண்களைக் கண்டு, வெள்ளம் 2016 வரை குறைந்து வந்ததென்று முடிவுசெய்தல் பிழையாகும். ஆற்றிலே நெடுங்காலம் மணல் அகழப்பட்டதால் அதன் அடித்தளம் தாழ்ந்துவிட்டது. தாழ்ந்த ஆற்றிலே அதே அளவு நீர் தாழ்ந்த மட்டத்திலே செல்லும். வெள்ள மட்டத்தைச் சிறிது தாழ்த்திய அதே அகழ்வுதான் வறட்சிக் காலத்திலே கடல்நீருக்கு வழி திறந்துவிட்டது என்பதும் ஈண்டு நினைவு கொள்ளத்தக்கது. மற்றொன்றையும் காண்க. முதலிரு வெள்ளங்களும் தென்மேற்குப் பருவ மழையின் நடுவிலே வந்தவை. 2016 இன் வெள்ளம் அப்பருவத்தின் வாயிலிலே, வங்கக் கடலில் எழுந்த தாழமுக்கத்தால் வந்தது. 2025 இன் வெள்ளமோ பருவங்களுக்கு இடைப்பட்ட கார்த்திகையிலே வந்தது. வெள்ளத்துக்கு உரிய மாதம் இதுவென்று நம் பாட்டனார் சொல்லிய கணக்கு இனிச் செல்லாது.

இம்மாறுபாடு எங்கிருந்து வருகின்றது? இலங்கையின் மழை நான்கு பருவமாக வகுக்கப்படும்: மார்ச்சு, ஏப்பிரலில் மேற்காவுகை மழை, மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவ மழை, ஒக்டோபர், நவம்பரில் இரண்டாம் இடைப்பருவ மழை, திசெம்பர் முதல் பெப்பிரவரி வரை வடகீழ்ப் பருவ மழை. இவை ஆண்டுதோறும் ஒரே அளவாக வருவதில்லை. பத்தாயிரம் மைலுக்கு அப்பால், பசுபிக் சமுத்திரத்தின் கீழ்ப்பகுதி வழமையினும் வெப்பமடையும் எல் நினோ ஆண்டுகளிலே, நம் நாட்டில் ஒக்டோபர் முதல் திசெம்பர் வரை மழை மிகுவதும், அடுத்து வரும் தை முதல் பங்குனி வரையும், ஆடி ஆவணியிலும் குறைவதும் பெரும்பாலும் காணப்படும் போக்கு. களனியின் நீரோட்டத்தை ஆராய்ந்தோரும் ஆண்டின் முற்பகுதியில் இத்தகைய குறைவையே கண்டுள்ளனர். இந்து சமுத்திரத்தின் மேற்குப் பகுதி வெப்பமுற்றுக் கிழக்குப் பகுதி குளிரும் காலங்களிலும் ஆண்டிறுதி மழை மிகும். இவற்றுக்கு மேலாக, புவியின் வெப்பம் ஏறிவருகின்றது. காற்று ஒரு பாகை வெப்பமடைந்தால் நூற்றுக்கு ஏறத்தாழ ஏழு பங்கு மிகையான நீராவியைத் தாங்கும். ஆகவே பெய்யும்போது மிகக் கொட்டவும், பெய்யாதபோது மண் மிக விரைவில் உலரவும் இடமுண்டாகின்றது. 2015-16 இன் வலிய எல் நினோவை அடுத்து, 2016 மே மாதத்திலே வெள்ளம். அவ்வாண்டின் பிற்பகுதி தொடங்கி 2017 வரை நாட்டின் பல பகுதிகளிலே கடும் வறட்சி. 2017 மே மாதத்திலே களு கங்கையிலும் நில்வளா கங்கையிலும் மீண்டும் வெள்ளம். முன்னர்க் கூறிய மூன்று நாட் கணக்கு நாடளாவி நடந்தது போன்றதே இது.

இனி, காடு நீரைப் பெருக்குகின்றதா என்ற வினாவுக்கு வருவோம். ஓடையின் நீர் குறைந்தால், அது மழை குறைந்ததாலா, மரம் மாறியதாலா என்று எவ்வாறு அறிவது? இவ்விரண்டையும் பிரிப்பதற்கு அறிஞர் கண்ட வழி மிக அழகியது. அருகருகே அமைந்த, ஒத்த இயல்புள்ள இரண்டு சிறு நீரேந்து நிலங்களைத் தேர்ந்தெடுப்பர். சில ஆண்டுகள் எதனையும் மாற்றாது இரண்டையும் அளந்து, ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் உள்ள தொடர்பைக் கணிப்பர். பின்னர் ஒன்றிலே மரத்தை வெட்டுவர் அல்லது நடுவர், மற்றொன்றைத் தொடார். வறட்சி வந்தால் இரண்டுக்கும் வரும், பெருமழையும் அவ்வாறே. எனவே இரண்டுக்கும் இடையிலே புதிதாகத் தோன்றும் வேற்றுமை மரத்தால் வந்ததே ஆகும். அமெரிக்காவின் கொலராடோவிலே 1910 முதல் 1926 வரை இவ்வழி கையாளப்பட்டது.

நமக்கு அண்மையிலே, நீலகிரியிலும் இத்தகைய ஆய்வு நடந்தது. உதகமண்டலத்திலுள்ள மண், நீர்ப் பாதுகாப்பு ஆராய்ச்சி நிலையத்தார் கிளென்மோர்கன் என்னும் இடத்திலே ஏறத்தாழ 32 ஹெக்டேயர் பரப்புள்ள இரண்டு புல்வெளி நிலங்களை 1968 தொடக்கம் அளந்து வந்தனர். 1972 இல் ஒன்றின் பரப்பிலே நூற்றுக்கு 59 பங்கிற் கற்பூரத்தைலமரம் நட்டனர். முதற் பத்தாண்டிலே அந்நிலத்தின் ஓடுநீர் சராசரியாக நூற்றுக்கு 16 பங்கு குறைந்தது. மரத்தை வெட்டி, அடிக்கட்டையிலிருந்து மீளத் துளிர்க்க விட்ட இரண்டாம் சுற்றிலே குறைவு நூற்றுக்கு 25 ஆயிற்று. மழையற்ற மாதங்களின் ஓட்டத்தையும் அது தாக்கியது. உலகெங்கும் நடந்த 94 ஆய்வுகளைத் தொகுத்து 1982 இல் வெளியிட்ட இருவர் கண்ட முடிவும் இத்திசையினதே: காடு கூடினால் ஆண்டு மொத்த ஓடுநீர் குறையும், காடு குறைந்தால் கூடும்.

இதனைக் கேட்டதும், 'அப்படியாயின் லபுகமக் காட்டை வெட்டினால் கொழும்புக்கு நீர் மிகுமே' என்று வகுப்பிலே ஒரு மாணவர் எழுந்து கேட்பார். கேட்கத்தான் வேண்டும். ஆண்டு மொத்தத்தை மட்டும் எண்ணினால் மிகுதல் உண்மையே. ஆனால் அந்நீர் எப்பொழுது வரும்? எந்நிலையில் வரும்? மழைத்துளியை உடைக்கும் இலையும் சருகும் நீங்கி, வேர் விட்ட துளைகள் அடைந்து, மண் இறுகிவிட்டால், நீர் உட்புகாது மேலோடும். பெருமழையிலே கிடைக்கும் அம்மிகைநீர் தேக்கத்தைத் தாண்டிச் சென்றுவிடும். தேக்கத்திலே எஞ்சுவது வண்டல். வறட்சியிலே ஓடையைக் காத்த மண்சேமிப்பும் இல்லாதொழியும். மலைநாட்டிலே காடு அழித்துக் கோப்பி பயிரிட்ட காலத்திலே இவ்வச்சம் எழுந்தது. 1873 இல் கியூ தாவரவியற் பூங்காவின் யோசேப்பு ஹூக்கர் கூறிய ஆலோசனையின்படி, 5,000 அடிக்கு மேற்பட்ட காட்டு நிலத்தைப் பயிர்ச்செய்கைக்கு விற்றல் நிறுத்தப்பட்டது. கெஹெல்கமு ஓயாவும் மஸ்கெலி ஓயாவும் பிறக்கும் உயர்மலைகளில் முகிற்காடு இன்றும் எஞ்சியிருப்பதற்கு அத்தடை ஒரு காரணம். அம்முகிற்காட்டின் கணக்கோ வேறு: பாசி படர்ந்த அம்மரங்கள் தவழும் மூடுபனியிலிருந்தே நீரைச் சீவி எடுத்து நிலத்திற் சொட்டவிடும். மழைமானியில் ஏறாத வரவு அது. அங்கு மரம் செலவாளி மட்டும் அன்று, சிறிது சம்பாதிப்பவனும் ஆம்.

எனவே, காப்புக்காட்டின் பயனை நான் இவ்வாறு மதிப்பிடுகின்றேன்: அது நீரின் அளவை வளர்ப்பதன்று, தூய்மையையும் ஒழுங்கையும் வளர்ப்பது. அதற்குக் கூலியாக ஒரு பங்கு நீரைத் தானே அருந்துகின்றது. மழை ஒழுங்காகப் பெய்த காலத்திலே இக்கூலி மிகையென்று சொல்ல ஒருவாறு இடமிருந்தது. மழை ஒழுங்கை இழந்துவரும் காலத்திலே அக்கூலி குறைவு என்றே சொல்லத் தோன்றுகின்றது. ஆயினும் எல்லா மரமும் ஒன்றல்ல. சரிவுகளிலே பைன் மரத்தையும் கற்பூரத்தைலமரத்தையும் நட்டுவிட்டு, நீரேந்து நிலத்தைக் காத்துவிட்டோம் என்று விழா எடுப்போர் நீலகிரிக் கணக்கை ஒருமுறை பார்த்தல் நன்று.

இப்பாடத்தைப் படிப்பதோடு நிறுத்தாது, உயர்வகுப்பு மாணவர் தாமே அளந்து பார்க்கலாம். வேண்டிய கருவிகள் மிகச் சில. ஒரு மழைமானி, ஒரு சிற்றோடை, அதன் குறுக்கே நிறுத்த, செங்கோண முக்கோணமாக வெட்டு இடப்பட்ட ஒரு தகடு, ஓர் அளவுகோல். வெட்டின் முனைக்கு மேலே நீர் நிற்கும் உயரத்தை, தகட்டுக்குச் சற்றே மேற்பக்கமாக, நாள்தோறும் ஒரே வேளையிற் குறித்துக்கொள்க. உயரத்தை மீற்றரிற் கொண்டு அதன் இரண்டரையாம் வலுவை 1.38 ஆற் பெருக்கினால், செக்கனுக்கு எத்தனை கனமீற்றர் நீர் செல்கின்றது என்பது கிடைக்கும். 10 சதமமீற்றர் உயரத்துக்குச் செக்கனுக்கு 4.4 லீற்றர், 20 சதமமீற்றருக்கு ஏறத்தாழ 24.7 லீற்றர். உயரம் இருமடங்காக, நீர் ஐந்தரை மடங்குக்கு மேலாகின்றது. நாகலகம் தெருவிலே அளவுகோலில் ஏறும் ஓர் அடிக்கும், அதற்கு மேலே ஏறும் அடுத்த அடிக்கும் உள்ள வேற்றுமையை இதிலிருந்தே மாணவர் ஊகித்துக்கொள்வர்.

ஓராண்டு அளந்தவுடன் முடிவு கூற முற்படல் ஆகாது. கோவீட்டாவிலே தொண்ணூறு ஆண்டுக்கு மேலாக அளந்து வருகின்றனர். ஒரு வகுப்பு விட்ட இடத்திலிருந்து அடுத்த வகுப்பு தொடர்ந்தால், பத்தாண்டிலே ஒரு நல்ல ஏடு கிடைக்கும். ஞாயிற்றுக்கிழமையும் விடுமுறை நாளும் ஏட்டிலே வெறுமையாகிவிடுதல் பள்ளி ஏடுகளின் பொதுக்குறை. பெருமழையோ பெரும்பாலும் அந்நாட்களிலேதான் பெய்யும். அயலிலே வாழும் பழைய மாணவர் ஒருவர் அந்நாட்களுக்குப் பொறுப்பேற்பாராயின் அக்குறையும் நீங்கும்.